ஒரு லட்சம் காப்புரிமையும் ஒரு கண்ணாடிக் கோப்பும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இந்தியா ஒரே நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் காப்புரிமை வழங்கியதைத் தங்கள் நாளிதழ் மறுபடியும் பாராட்டி எழுதியிருந்தது. 2015-16இல் 6,326. 2023-24இல் 1,03,057. ஏறக்குறைய பதினாறு மடங்கு. எண்களில் பிழை இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், விண்ணப்பங்களைப் பரிசோதிக்க இன்னும் இத்தனை காலம் எதற்கு, இது கணினிக் காலம் அல்லவா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் கையால் புரட்டிய ஒரே ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். தொலைக்காட்சித் திரைக்கான கண்ணாடிக் கோப்பு அது.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது எழுபத்தொன்று. படித்தது வேதியியல். வடக்கே, படக்குழாய்க் கண்ணாடி செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்தேன். வயிறு பெருத்த அந்தப் பழைய டிவியின் முகப்புக் கண்ணாடியில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் சேர்ப்போம். பின்புறத்துப் புனல் கண்ணாடியில் ஈயம். இரண்டுமே உள்ளிருந்து வரும் எக்ஸ் கதிரைத் தடுப்பதற்காக. முகப்பிலும் ஈயத்தைப் போட்டால் என்ன என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். எலெக்ட்ரான் அடித்து அடித்து அது பழுப்பேறிவிடும், பிறகு படமெல்லாம் டீ நிறத்தில்தான் தெரியும் என்போம். தட்டைத் திரை வந்தது. எங்கள் உலை அணைந்தது. ஊர் திரும்பிய பிறகு, காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் தொழில்நுட்பம் படித்துச் சொல்லும் ஆளாகச் சேர்ந்தேன். அலுவலகத்தில் இருந்த பெண்கள் என்னைக் 'கண்ணாடி மாமா' என்றே கூப்பிட்டார்கள்.

கோப்புக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கட்சிக்காரர். எல்சிடி திரைக்கு அடியில், மெல்லிய டிரான்சிஸ்டர்களைச் சுமந்து நிற்கும் கண்ணாடித் தகட்டுக்கான கலவை. கைப்பேசியின் மேலே நம் விரல் படுகிற கண்ணாடி வேறு, இது வேறு. மேல் கண்ணாடிக்குச் சோடியம் வேண்டும். உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கினால் சோடியம் வெளியேறி, அதைவிடப் பெரிய பொட்டாசியம் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். அந்த நெருக்கம்தான் கண்ணாடிக்குப் பலம். கீழே இருக்கும் தகட்டிலோ சோடியம் இருக்கவே கூடாது. இருந்தால் மெல்ல நகர்ந்து போய் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். ஒரே கைப்பேசி, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி. ஒன்றுக்கு உயிர் மற்றதற்கு விஷம்.

விண்ணப்பத்தில் கோரியிருந்த கலவை ஏறத்தாழ இது (அளவுகளைச் சற்று மாற்றிச் சொல்கிறேன், கணக்கு மாறவில்லை): மோல் சதவீதத்தில் சிலிக்கா 65 முதல் 72, அலுமினா 9 முதல் 13, போரான் ஆக்சைடு 8 முதல் 12, கால்சியம் ஆக்சைடு 8 முதல் 12, ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு 0 முதல் 3, மக்னீசியா என்னும் மக்னீசியம் ஆக்சைடு 0 முதல் 5. இவற்றோடு, உள்ளிறுக்கம் தளரத் தொடங்கும் வெப்பநிலை இத்தனை டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. தகட்டின் மேல் டிரான்சிஸ்டர் படியவைக்கும்போது சூடேறும். அந்தச் சூட்டில் தகடு கொஞ்சம் சுருங்கினாலும் அடுத்த அடுக்கின் கோலம் முந்தைய அடுக்கின் புள்ளிகளில் உட்காராது. அதனால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

விண்ணப்பத்தோடு தரும் விவரக்குறிப்பின் முன்பகுதியில் பழைய காப்புரிமை ஒன்றின் கண்ணாடியைக் காட்டி, "அதில் சிலிக்கா 62 மட்டுமே, அலுமினாவோ 16.5, எங்களுடையது முற்றிலும் வேறு" என்று எழுதியிருந்தார்கள். படித்தால் சரியாகத்தான் தோன்றும். 62 என்பது 65க்குக் கீழே, 16.5 என்பது 13க்கு மேலே.

காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. வழக்கமான ஆட்சேபங்கள் ஒன்றிரண்டு. அவற்றில் காப்புரிமைச் சட்டத்தின் 3(e) பிரிவும் இருந்தது: பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்கள் ஒன்றுசேர்ந்து நிற்பது மட்டுமே கிடைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. இதற்குப் பதில் எழுத எனக்கு அரைமணி நேரம் போதுமாக இருந்தது. மணலும் சுண்ணாம்புக்கல்லும் உலைக்கு வெளியே இருக்கும்வரை கலவை. உள்ளே போய் 1,600 டிகிரியில் உருகிவிட்டால் அங்கே மணலும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. நுரைக்குமிழி போக முன்பெல்லாம் ஆர்செனிக் போடுவார்கள். அதை எடுத்துவிட்டு வெள்ளீயம் போட வேண்டும் என்று வந்தபோது மற்ற எல்லா அளவையும் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் ஆர்செனிக், ஆன்டிமனி, பேரியம் எதுவும் இல்லாத திரைக்கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 2006இல்தான். வெறும் கலவையாக இருந்தால் ஒரு கரண்டியை எடுத்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டிருக்கலாமே! அந்த ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டார்கள். அதில் எனக்கு வெற்றி.

நான் தோற்றது அடுத்த இடத்தில். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரிசோதகர் ஒரு சிறு அட்டவணை போட்டிருந்தார். பழைய காப்புரிமையின் ஒரே ஓர் எடுத்துக்காட்டு: எடைச் சதவீதத்தில் சிலிக்கா 62, அலுமினா 16.5, போரான் ஆக்சைடு 10.5, கால்சியம் ஆக்சைடு 8, ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு 3. கூட்டினால் நூறு. பக்கத்திலேயே அதை மோல் சதவீதமாக மாற்றியிருந்தார். சிலிக்கா 68.1. அலுமினா 10.7. போரான் ஆக்சைடு 9.9. கால்சியம் ஆக்சைடு 9.4. ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு 1.9. ஐந்தும் எங்கள் வேலிக்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. மக்னீசியா அந்தக் கண்ணாடியில் இல்லை. எங்கள் கோரிக்கையோ பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறது. அதுவும் உள்ளேதான். ஆக, புதிது என்று நாங்கள் கேட்டதற்குள் பழைய கண்ணாடியும் இருந்தது.

எடைக்கும் மோலுக்கும் உள்ள வேறுபாடு வாசகர்களுக்குக் குழப்பமாக இருக்கலாம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் குழந்தை என்று தலை எண்ணிச் சொல்கிறோம். அதே பந்தியைத் தராசில் நிறுத்தினால் குழந்தைகளின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும். மோல் என்பது தலை எண்ணுவது. அலுமினா மூலக்கூறு சிலிக்காவைப்போல் ஏறக்குறைய 1.7 மடங்கு கனம். அதனால் எடையில் பெரிதாகத் தெரிகிற அலுமினா, தலை எண்ணினால் சுருங்குகிறது, சிலிக்கா ஏறுகிறது. பழைய ஆவணம் எடையில் பேசியது, எங்கள் விண்ணப்பம் மோலில் பேசியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வேறு, வேறு' என்று எழுதியாகிவிட்டது. அளவையின் பெயர் ஒரு சிறிய எழுத்தில் மூலையில் இருந்தது.

எனக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். முப்பது வருடம் இந்தக் கணக்கைப் போட்டவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கட்சிக்காரர் எழுதி அனுப்பியதை நாம் ஏன் கிளற வேண்டும் என்று வாய்மூடி இருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விசாரணை காணொலியில் நடந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வேட்டி என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வழக்கறிஞர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்: பழைய ஆவணத்தில் அந்த வெப்பநிலை எண் எங்கேயும் சொல்லப்படவில்லையே? முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளருக்குப் பக்கத்தில் இருந்த பரிசோதகர் மைக்கை இயக்கி, "சார், அதே ஐந்து ஆக்சைடு, அதே விகிதம். அந்தக் கண்ணாடியை உருக்கி அளந்தால் இந்த எண் வராது என்று சொல்கிறீர்களா?" என்றார். என் பேரன் வயது இருக்கும். வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். நான் என் திரையில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே வாதம் அமெரிக்காவிலும் ஒருமுறை தோற்றிருக்கிறது. 1985இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு டைட்டேனியம் உலோகக் கலவை வழக்கு. நிக்கலும் மாலிப்டினமும் இன்ன அளவு என்று கோரியிருந்தார்கள். பழைய ரஷ்ய இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் வரைபடத்தில் அந்த எல்லைக்குள் ஒரு புள்ளி இருந்தது. துருப்பிடிக்காத குணத்தைப் பற்றிக் கட்டுரை மூச்சே விடவில்லை. ஆனாலும் அந்த ஒரு புள்ளி போதும், பொருள் ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்ததுதான் என்று தீர்ப்பு வந்தது. பொருளின் புதுக் குணத்தை அளந்து சொல்வதால் பழைய பொருள் புதிதாகிவிடாது.

விசாரணை முடிந்தால் எழுத்துமூலப் பதிலுக்குப் பதினைந்து நாள். கட்சிக்காரரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: மக்னீசியா சேர்த்த கண்ணாடி எதையாவது உண்மையிலேயே உருக்கினீர்களா? விவரக்குறிப்பில் இருபதுக்கு மேல் எடுத்துக்காட்டுகள் இருந்தன. அவற்றில் பிளாட்டினக் குடுவையில் உருகியவை எத்தனை, மேஜைமேல் எழுதியவை எத்தனை என்று யாருக்கும் தெரியாதபடி எல்லாமே ஒரே நடையில் இருந்தன. அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு: செய்து பார்க்காத எடுத்துக்காட்டை இறந்த காலத்தில் எழுதக் கூடாது. 'உருக்கினோம்' என்றால் உருக்கியிருக்க வேண்டும். நம் தமிழில் ஒரு விகுதியில் அடங்கிவிடுகிற நேர்மை இது.

மக்னீசியா சேர்த்து உண்மையிலேயே உருக்கியவை நான்கு இருந்தன. மக்னீசியா 2 முதல் 4 வரை இருக்கும்போது படிகம் கட்டத் தொடங்கும் வெப்பநிலை இறங்குகிறது, அதற்கு மேல் போனால் மறுபடி ஏறுகிறது என்று அளந்து வைத்திருந்தார்கள். இந்த அளவு எப்படி எடுப்பது என்று தெரிந்தால் இதன் விலை புரியும். பிளாட்டினப் படகில் கண்ணாடித் தூளைப் பரப்பி, ஒரு முனை சூடாகவும் மறுமுனை ஆறியும் இருக்கும் உலையில் ஒரு முழு நாள் வைக்க வேண்டும். பிறகு எடுத்து, எந்த இடத்தில் படிகம் நிற்கிறது என்று நுண்ணோக்கியில் தேட வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு நாள். தகடு இழுக்கும் தொட்டியின் இரு விளிம்பிலும் கண்ணாடி வழிந்து அடியில் ஒன்றுசேரும்போது அங்கே படிகம் கட்டிவிட்டால் அந்தத் தகடு உடைகண்ணாடிக் குவியலுக்குத்தான் போகும். ஆக அந்த நான்கு உருக்கல்களும் சொன்ன விஷயம் உண்மையிலேயே புதிது. கோரிக்கையை மக்னீசியா 2 முதல் 4 என்று குறுக்கினோம். காப்புரிமை கிடைத்தது. கேட்டது ஒரு காணி. கிடைத்தது வீட்டு மனை. அவர்கள் உழுத நிலம் அவ்வளவுதான்.

அந்தப் பரிசோதகருக்கு அன்று நேரம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 62, 65க்குக் கீழே என்று படித்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போயிருப்பார். இந்த அட்டவணையைப் போட ஒரு கால்குலேட்டரும் அரை மணி நேரமும் போதும். ஆனால் எந்த ஆவணத்தின் எந்த எடுத்துக்காட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் நாள் கணக்கில் ஆகும். போரானும் அலுமினாவும் கொண்ட சிலிக்கா கண்ணாடிகளுக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் சி03சி 3/091 என்ற ஒரே காப்புரிமை வகைப்பாட்டு எண்தான். அதற்குள் ஜப்பானிய மொழியில் உள்ளவை எத்தனை! வேலிக்குள் பழைய கண்ணாடியும் சேர்த்து எழுதிக்கொடுத்திருந்தால், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அது அவர்களுடையது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் கைப்பேசி மேல்கண்ணாடி ஆலை அமைப்பதாக அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். நாளை கீழ்த் தகட்டையும் இங்கேயே உருக்க ஒருவர் முன்வந்தால், பழைய கண்ணாடிக்கே அவர் உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. காப்புரிமை வழங்கும் முன்பு யார் வேண்டுமானாலும் 25(1) பிரிவின்படி எதிர்க்கலாம். ஆனால் 2024 விதித்திருத்தம் அதற்குக் கட்டணம் வைத்திருக்கிறது. பரிசோதனை கோருவதற்கான காலமும் 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்திருக்கிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வேகப்படுத்துகிறோம்.

எனவே அரசுக்குத் தங்கள் பத்தி மூலம் இரண்டு கோரிக்கைகள். கண்ணாடி, உலோகம், பீங்கான் போன்ற கலவைகளுக்கு விண்ணப்பிப்பவர், முந்தைய ஆவணங்களின் எடுத்துக்காட்டுகளையும் தம்முடையவற்றையும் ஒரே அளவையில் மாற்றி அட்டவணையாகத் தர வேண்டும் என்று விதி செய்யலாம். அவர்களிடம் அந்தக் கணக்கு எப்படியும் இருக்கும். எந்த எடுத்துக்காட்டு உருக்கியது, எது எழுதியது என்று குறிக்கவும் சொல்லலாம்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டு இந்தச் செய்தியைப் போடும்போது, வழங்கியவை எத்தனை என்பதற்குப் பக்கத்தில் மறுத்தவை எத்தனை என்றும் ஒரு வரி சேருங்கள். தலைப்பில் 'காப்புரிமைப் பதிவு' என்று போட்டிருந்தீர்கள். பதிவு செய்வது பத்திரத்தை. இதைப் பரிசோதித்துத்தான் வழங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்ணாடி வேதியியலாளர்,
நங்கநல்லூர், சென்னை.

(கட்சிக்காரரின் கோப்பு என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)