நிறுவல் பட்டறை நடத்தும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள் பயனர் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் நிறுவல் பட்டறைகளில் பலமுறை ஓரத்து மேசையில் அமர்ந்து உதவியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அண்மைக் காலமாக இப்பட்டறைகளில், லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸே முதலிடம் பெறுகிறது. கறுப்புத் திரையில் வட்டைப் பிரித்து, பேக்ஸ்ட்ராப் என்ற கட்டளை கொண்டு அடிப்படைப் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) இறக்கி, ஆர்ச்-குரூட் கட்டளை வழியே புதிய அமைப்புக்குள் நுழைந்து, இயங்குதளத்தைத் துவக்கும் பூட்லோடரை அமைத்து, மறுதொடக்கத்தில் உள்நுழைவு வரி தோன்றியதும் மாணவர்கள் கைதட்டுகிறார்கள். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று மாதம் கழித்து அதே மடிக்கணினி புதுப்பிப்பின்போது முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்று கற்றுத்தர உங்கள் நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை. நிறுவலுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்; பொதி மேலாண்மையோ அக்கணினி உழைக்கும் காலம் முழுவதும் தொடரும்.

நிறுவலின் கடினத்தை ஓர் இயங்குதளத்தின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்வதும் சரியன்று. ஆர்ச்சுக்கே முன்பு பட்டி வழியே நடத்திச் செல்லும் நிறுவி இருந்தது. பராமரிக்க ஆளில்லாமல் 2012 சூலையில் அது நிறுவல் ஊடகத்திலிருந்து நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் ஆர்ச்இன்ஸ்டால் என்ற புதிய நிறுவி வந்து சேர்ந்தது. ஆக, இன்று பலர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கைநிறுவல், ஆள் பற்றாக்குறையாலும் உருவான ஒரு வழக்கம். யுனிக்ஸ் வழிவந்த ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிறுவியோ கேள்விகளை வரிசையாகக் கேட்கும் ஒரு ஷெல் (கட்டளைவரி) நிரல்தான். பெரும்பாலானவற்றுக்கு என்டர் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போனால் சில நிமிடங்களில் இயங்கும் கணினி கிடைத்துவிடும்.

உண்மையான வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு நூலகம் (ஆயத்த நிரற்பகுதி) புதிய பதிப்புக்கு மாறும்போது, பழைய பதிப்பை நம்பித் தொகுக்கப்பட்ட நிரல்களின் கதி என்ன? இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு தளமும் தரும் விடையே அதன் குணத்தைக் காட்டுகிறது.

ஆர்ச்சின் விடை கண்டிப்பானது: எல்லாவற்றையும் ஒன்றாகப் புதுப்பிக்க வேண்டும். பொதிப்பட்டியலை மட்டும் புதுப்பித்துக்கொண்டு தேவையான ஒரே ஒரு பொதியை நிறுவுவதை அது ஆதரிப்பதில்லை. நம் மாணவர்கள் செய்வதோ பெரும்பாலும் அதைத்தான், ஏனெனில் விடுதியில் கைப்பேசித் தரவை நம்பியிருப்பவருக்கு முழுப் புதுப்பிப்பு என்பது அன்றைய ஒதுக்கீட்டையே விழுங்கிவிடும். அந்தப் பொதி கூடவே ஒரு நூலகத்தையும் இழுத்து வந்துவிட்டால், பழைய பதிப்பை நம்பியிருந்த நிரல்கள் திறக்க மறுக்கின்றன. சிலவேளை ஆர்ச்சின் பொதி மேலாளரான பேக்மேனே திறக்காது, அதுவும் நூலகங்களைச் சார்ந்த ஒரு நிரல்தானே. இதை ஆர்ச்சின் குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பட்டறையில் அதைச் சொல்லாமல் விட்டது நாம்தான்.

பொதிகளைப் பயனரின் கணினியிலேயே மூலநிரலிலிருந்து கட்டும் ஜென்டூ லினக்ஸின் பொதி மேலாளரான போர்ட்டேஜ் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாளுகிறது. பழைய நூலகத்தை யாரேனும் இன்னும் பயன்படுத்தினால் அதை அழிக்காமல் வைத்திருந்து, அந்த நிரல்களை மறுபடி கம்பைல் செய்யச் (மூலநிரலிலிருந்து தொகுக்கச்) சொல்கிறது. செய்து முடித்த பிறகே பழையது நீங்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. விலை நேரம்தான்: நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினியில் பெரிய இணைய உலாவியைக் கம்பைல் செய்ய விட்டவர்கள் மறுநாள் காலையிலும் காத்திருப்பார்கள். 2023 டிசம்பரில் ஏற்கெனவே கம்பைல் செய்த ஆயத்த இருமப் பொதிகளை ஜென்டூ பரவலாக வழங்கத் தொடங்கியபின் அந்தச் சுமை வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதையும், நம் பட்டறைக் குறிப்புகள் இன்னும் பழைய நிலையையே சொல்கின்றன என்பதையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1993 முதல் வரும் ஸ்லாக்வேர் லினக்ஸின் பொதிக் கருவிகள் சார்புகளை, அதாவது ஒரு பொதிக்கு வேறெந்தப் பொதிகள் தேவை என்பதை, பார்ப்பதே இல்லை. முழுமையாக நிறுவிக்கொள், மீதியை நீ பார்த்துக்கொள் என்பது அதன் நிலை. விநோதமாகத் தோன்றினாலும், அதன் 14.2 பதிப்பு வெளிவந்த 2016க்கும் 15.0 பதிப்பு வெளிவந்த 2022க்கும் இடையே அடித்தளம் பெரிதாக அசையாததால், அந்த நம்பிக்கை செல்லுபடியானது. எந்தப் பொதி எந்தக் கோப்புகளை வைத்தது என்பது சாதாரண உரைக்கோப்பில் இருப்பதால், கற்பிப்பதற்கு இதைவிட வெளிப்படையான அமைப்பு அரிது.

ஓப்பன்பிஎஸ்டியின் உறவான ஃப்ரீபிஎஸ்டி, இயங்குதளத்தின் அடித்தளத்தையும் வெளிப்பொதிகளையும் பிரித்து, பொதிகளை யுஎஸ்ஆர்-லோக்கல் என்ற தனி அடைவுக்குள் வைக்கிறது. ஆகவே பொதி ஒன்று கெட்டாலும் முனையமும் ஷெல்லும் அடிப்படைக் கருவிகளும் கைவிடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவரும் ஓப்பன்பிஎஸ்டியில், 2019 முதல் சிஸ்அப்கிரேடு என்ற ஒரே கட்டளை அடித்தளத்தை அடுத்த பதிப்புக்குக் கொண்டு போகிறது. பின்னர் பொதிகளைத் தனியே புதுப்பித்தால் போதும். நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகை, பொதியின் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி அடைவில் வைப்பதால் இருவேறு நூலகப் பதிப்புகள் சச்சரவின்றிக் குடியிருக்கும். புதுப்பிப்பு பிடிக்கவில்லையெனில் துவக்கப் பட்டியில் முந்தைய நிலையைத் தேர்ந்து திரும்பிவிடலாம். ஆனால் முழுக் கணினியையும் விவரிக்கப் பயன்படும் அதன் அமைவு மொழியை முதல் நாளே கற்பிக்க முயலவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நிறுவல் நாளுக்கு மூன்று மாதம் கழித்து, அதே மாணவர்களுக்கு அரைநாள் புதுப்பிப்புப் பட்டறை ஒன்றை நடத்துங்கள். மெய்நிகர் கணினி ஒன்றில், மேலே சொன்னபடி ஒரு பொதியை மட்டும் நிறுவும் பகுதிப் புதுப்பிப்பை வேண்டுமென்றே செய்து கணினியை உடைத்துவிட்டு, நிறுவல் பென்டிரைவில் துவக்கி ஆர்ச்-குரூட் வழியே உள்ளே போய் மீட்கச் சொல்லுங்கள். ஆர்ச் பயனர் களஞ்சியமான ஏயுஆரில் கிடைப்பவை பயனர்கள் எழுதிப் பகிர்ந்த செய்முறைகள் என்பதையும், அந்தச் செய்முறை அடங்கிய பிகேஜிபில்டு கோப்பைப் படித்துப் பார்க்காமல் கட்டக்கூடாது என்பதையும் அன்றே காட்டுங்கள். எந்தத் தளம் என்று முடிவுசெய்யும் முன், மாணவரிடம் எவ்வளவு இணையத் தரவும் நினைவகமும் இருக்கின்றன, மாதத்தில் எத்தனை மணி நேரம் கணினியைக் கவனிக்க முடியும் என்று கேளுங்கள். கேட்டபிறகு சிலருக்கு ஆர்ச்சைவிட ஸ்லாக்வேரே பொருந்தும் என்று சொல்ல நேர்ந்தால் தயங்க வேண்டாம்.

அடுத்த அறிவிப்பில் நிறுவல் நாளோடு புதுப்பிப்பு நாளின் தேதியையும் சேர்த்தே வெளியிடுங்கள். அன்றைக்குத் தேவையான உடைந்த மெய்நிகர் கணினிப் படிமங்களை நானே தயாரித்துக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓரத்து மேசைக்காரன்