அதற்கு மேல் இல்லை

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள கண்ணு,

போன வெள்ளிக்கிழமை இரவு உன்னைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பட்டறையில் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த நான்கு பேரும், "பாப்பா பேசுவதைக் கேட்டுவிட்டே போகிறோம்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றுகொண்டாள். உன் பெயரையும், அதன் கீழே வழக்கறிஞர் என்ற எழுத்தையும் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பேச வேண்டிய விஷயம் நகரங்களில் காணாமல் போன ஏரிகள். உன் கையில் தடிமனாக ஒரு காகிதக் கட்டு இருந்தது. நீ அதற்காகத் தூங்காமல் படித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். எதிரில் இருந்தவர் உன்னைச் சீண்டினார். நீ உடனே அவருடைய தலைவரின் குடும்பத்தை இழுத்தாய். "வீட்டை ஆளத் தெரியாதவர் நாட்டை ஆள வந்தார்" என்றாய். நிகழ்ச்சி நடத்தியவர் சிரித்தார். எதிரில் இருந்தவர் உன் தலைவரின் நோயைப் பற்றிப் பதிலுக்கு ஒன்று சொன்னார். அதன் பிறகு அரை மணி நேரம் வேறு பேச்சே இல்லை. காகிதக் கட்டு கடைசிவரை பிரிக்கப்படவில்லை.

பட்டறையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. தொலைபேசியில் சொன்னால் நீயும் நானும் சண்டை போட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு விடுமுறையில் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து அவதூறுச் சட்டத்தை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். நான் கொலுசுக்குக் கண்ணி பற்றவைத்துக்கொண்டே கேட்டேன். 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு. அரசுப் பணியில் இருப்பவர் தம் பணியில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம். அந்த நடத்தையில் அவருடைய குணம் எந்த அளவுக்குத் தெரிகிறதோ அந்த அளவுக்கு அவர் குணத்தைப் பற்றியும் சொல்லலாம். அதற்கு மேல் இல்லை. பொதுப் பிரச்சினையில் தலையிடுகிற யாருக்கும் இதே அளவுதான் என்று அடுத்த விலக்கையும் சொன்னாய். "அதற்கு மேல் இல்லை" என்ற இடத்தில் நிறுத்தி, "அப்பா, எவ்வளவு அழகாகக் கோடு கிழித்திருக்கிறார்கள் பாருங்கள்" என்றாய். இப்போது 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அது 356-ஆம் பிரிவாகிவிட்டது என்றும் நீதான் சொன்னாய். எண் மாறியது, அந்தக் கோடு மாறவில்லை என்றாய். அந்தக் கோட்டை எனக்குக் காட்டியவளே வெள்ளிக்கிழமை அதைத் தாண்டினாள் என்பதுதான் எனக்கு வலி.

தலைவர்களைப் பற்றிப் பேசாதே என்று சொல்கிறேனா? இல்லை. நான் வளர்ந்ததே அந்தப் பேச்சுக்கு நடுவில்தான். என் அப்பத்தாவுக்கு ராஜாஜி என்றால் சாமி. அவர் இந்தச் சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், 1917-இல் நகராட்சித் தலைவராக இருந்தவர் என்பதெல்லாம் அப்பத்தாவுக்குத் தெரியாது. முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாக எந்த மாவட்டத்தில் கொண்டுவந்தார் தெரியுமா? நம் சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை மூடிய முதல் மாதம், என் தாத்தா கூலிப் பணத்தை முழுதாகக் கொண்டுவந்து முறத்தில் வைத்தாராம். அப்பத்தா அதை எண்ணத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாளாம். இதைச் சொல்லும்போது எண்பது வயதிலும் அவள் கை நாணயங்களைத் தள்ளுவதுபோல் அசையும். கள் வருமானம் போய்விட்டதே என்று அரசு கையைப் பிசையவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது அந்த மனிதரின் துணிச்சல் எனக்கும் பிடித்துப்போனது.

அதே மனிதர்தான் 1938-இல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரை விட்டார்கள். அதே மனிதர்தான் 1953-இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதிப் பொழுதில் பிள்ளைகள் அப்பன் செய்கிற தொழிலைக் கற்கட்டும் என்றார். கைத்தொழில் செய்து சாப்பிடுகிறவன் நான். என் தொழிலை நான் ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை. ஆனாலும் அந்தத் திட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. வெள்ளி உருக்குகிறவன் மகள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால், அவள் மதியத்திலும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும், துருத்தி பக்கத்தில் அல்ல. பெரியார் அதைக் குலக்கல்வி என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். ராஜாஜியின் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி பிடிவாதம் பிடித்தார். 1954-இல் பதவியை விட்டு இறங்கினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது.

இதில் பிடிவாதம் என்றேன் பார். அது ஒரு மனிதருடைய குணம்தான், குற்றம்தான். அதைத் தாராளமாகப் பேசலாம். மேடை போட்டுப் பேசலாம். அரசாணையிலேயே அந்தக் குணம் தெரிகிறது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் பகல் பொழுது அதில் மாட்டிக்கொண்டது. அவர் எளிமையாக வாழ்ந்தார் என்று சொல்லி யாராவது அதை மூடப் பார்த்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பத்தாவே எழுந்து வந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரியாரையும் எடுத்துக்கொள். 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. ஐந்து ஆண்டு கழித்து, எழுபதை நெருங்கும் வயதில், தம்மைவிட மிக இளைய மணியம்மையை மணந்தார். அண்ணாவும் மற்றவர்களும் பிரிந்துபோய் 1949 செப்டம்பரில் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். அந்தத் திருமணத்தில் ஊருக்குச் சம்பந்தப்பட்ட கேள்வி ஒன்று இருந்தது: இயக்கத்தையும் அதன் சொத்தையும் அடுத்து யார் கையில் கொடுப்பது, யாரைக் கேட்டு முடிவு செய்வது? அது நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் அந்தக் கேள்வியா ஓடியது? நான் சிறுவனாக இருந்தபோதுகூட, திருமணம் நடந்து இருபது வருடம் கழித்தும், அந்த அம்மாவைப் பற்றிப் பெரியவர்கள் திண்ணையில் சொன்னதை உனக்கு எழுத என் கை வரவில்லை. அவர் அந்தக் கிழவரைக் கடைசி நாள்வரை உடனிருந்து கவனித்தார். 1973-இல் பெரியார் மறைந்த பிறகு இயக்கத்தைத் தலைமையேற்று நடத்தினார். எதைச் செய்து என்ன, திண்ணைப் பேச்சு அவருடைய வயதை விட்டு நகரவில்லை.

நீ ஒரு பெண், கண்ணு. பொது வாழ்க்கைக்கு வரப்போகிறாய் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆண் தலைவனுக்கு அந்தரங்கம் ஒரு தழும்பு. பெண்ணுக்கு அதையே விலங்காக மாட்டுவார்கள். அந்த வழக்கத்துக்கு நீயே தீனி போடாதே.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் இறந்து பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். உன் தாத்தா இறந்தபோது மழையில் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர். நல்லது கெட்டதற்கு எந்த வீட்டுக்கும் வருவார். அவருக்கு இரண்டாவது வீடு ஒன்று இருந்தது. அது ஊரறிந்த விஷயம். எந்த வீடு, எந்த நாள், எந்த நிறச் சேலை என்று டீக்கடையில் பேசாத ஆள் கிடையாது. நானும் பேசினேன். வேலை முடிந்து போனால் அந்தப் பேச்சு இல்லாமல் டீ இறங்காது என்கிற அளவுக்குப் பேசினேன்.

அந்த நாட்களில்தான் நம் ஏரிக்கரையில் இரவில் லாரிகள் வந்து மண் கொட்டின. டீக்கடை வாசலைத் தாண்டித்தான் அவை போக வேண்டும். ஒவ்வொரு லாரியும் போகும்போது புழுதி கிளம்பும். டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வோம். ஒருநாள் கரையில் அளவுக்கல் நட்டார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சிறிய கற்கள். பிறகு மனை விற்பனைப் பலகை வந்தது. யாருக்குப் பங்கு, யார் கையெழுத்து என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவரைப் பற்றி நாங்கள் நாள் முழுதும் பேசியதால், அவரை நன்றாகவே தட்டிக்கேட்டுவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு. அவருக்கும் அந்த வம்பு வசதியாகவே இருந்திருக்க வேண்டும்.

மூன்று கோடை கழித்து நம் பட்டறைக் கிணற்றில் வாளி தட்டியது. உனக்கு நினைவிருக்கும், சிறுமியாக எட்டிப் பார்த்து "அப்பா, தண்ணீர் எங்கே?" என்று கேட்டாய். அடுத்து வந்த பெருமழையில், போக இடமில்லாத தண்ணீர் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்தது. நம் பட்டறைத் தரையில் முழங்கால் அளவு நின்றது. பாத்திரத்தில் இருந்த வெள்ளிப் பொடி சேற்றோடு போனது. அதை அள்ளிச் சலித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த லாரிகள் நினைவுக்கு வந்தன. அவ்வளவு பேசிய வாய், பேச வேண்டியதை ஒரே ஒருநாள்கூடப் பேசவில்லை.

அவர் தோள் கொடுத்தார் என்ற நன்றியும் என் வாயைக் கட்டியது. அது உண்மை. நன்றியுள்ளவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் பாடை தூக்கியதையும் சொல்வேன், ஏரியைத் தூர்த்ததையும் சொல்வேன். அந்த இரண்டாவது வீட்டைப் பற்றி மட்டும் இனிச் சொல்ல மாட்டேன். அங்கே இருந்த பெண் நமக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை நீ செய்ததும் அதுதான். ஏரியைப் பற்றிப் பேச உட்கார்ந்து, வீட்டைப் பற்றிப் பேசி எழுந்தாய். எதிரில் இருந்தவர் முகத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். நீ அவர் தலைவரின் மனைவியைப் பற்றிச் சொன்னதும் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். உன் கட்டைப் பிரிக்க வேண்டிய நேரம் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

உன் பக்கத்துத் தலைவரையும் இப்படியே பார்ப்பாயா என்று கேட்க நினைத்தேன். அவர் ஆட்சியிலும் ஏரிகள் போயிருக்கின்றன. அதையும் அந்தக் கட்டில் வைத்திருந்தாயா? வைத்திருந்தால் நீ என் மகள். வைக்கவில்லை என்றால் இந்த வாரம் உட்கார்ந்து சேர்.

உடம்பைப் பார்த்துக்கொள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது என்று அம்மா சொன்னாள். அவள் கொடுத்த சுக்குப் பொடியையும் ஒரு கூடை மாம்பழத்தையும் நாளை இரவு பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். கூடைக்குள் ஓரமாக ஒரு உறை இருக்கும். நம் ஏரியின் பழைய எல்லையும் இப்போதைய எல்லையும், சர்வே எண்களோடு, போன மாதம் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்து எழுதி வாங்கியவை. பலமுறை சரிபார்த்துவிட்டேன். டீக்கடையில் நான் பேசிய எதுவும் அதில் இல்லை.

அன்புடன்,
அப்பா