மூன்றாம் நாள் கேனுலா

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலந்தானே? இங்கே நர்சிங் கல்லூரியில் மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "இப்படித்தான் செய்யணும்" என்று வாய் திறந்தால் போதும், "எந்த ஆய்வில் இருக்கு?" என்பார்கள். முதல் மாதம் சுருக்கென்றுதான் இருக்கும்.

எவிடன்ஸ் பேஸ்டு ப்ராக்டிஸ், அதாவது ஆய்வுச் சான்றை வைத்துச் சிகிச்சை முறையை முடிவு செய்யும் பாடம், உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். வரையறையில் ஆரம்பிக்காதே, பாதி வகுப்பு தூங்கிவிடும். வார்டில் தினமும் செய்கிற ஒன்றை எடு. நான் எடுப்பது ஐ.வி. கேனுலா, மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் குத்தி வைக்கிற சின்னக் குழாய். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மூன்றாம் நாள் கழற்றி வேறு இடத்தில் குத்துவது பழைய வழக்கம். அது தேவைதானா?

இதை பிகோ (PICO) என்ற நான்கு பகுதிக் கேள்வியாக எழுதச் சொல்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், விளைவு என்ன. விளைவு என்ற இடத்தில் பாதிப்பேர் "நோயாளியின் நலம்" என்று எழுதுவார்கள். அதை எப்படி அளப்பது? ஃப்ளெபைட்டிஸ் (கேனுலா குத்திய ரத்தக் குழாயில் வரும் அழற்சி) என்று வரும்வரை திருப்பிக் கொடு.

தேடும்போது முழு வாக்கியத்தையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தட்டுவார்கள். ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR), வேறு வேறு கருத்துகளுக்கு நடுவே 'ஆண்ட்' (AND) போட வேண்டும். இதை மாற்றிப் போடுவதால்தான் "ஒண்ணுமே வரலை" என்று வந்து நிற்பார்கள். ஒரே கேள்விக்கான ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் தொகுப்பில் முதலில் பார்க்கச் சொல்.

கட்டுரை கொடுக்கும்போது சுருக்கத்தையும் முடிவுரையையும் எடுத்துவிடு. இருந்தால் அதை மட்டும் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இதற்குத் தோதானது. மொத்தம் 3,283 பேர். தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய 1,593 பேரில் 114 பேருக்கும், மூன்றாம் நாள் மாற்றிய 1,690 பேரில் 114 பேருக்கும் ஃப்ளெபைட்டிஸ். "ரெண்டும் 114, சமம்தானே" என்று ஒரு குரல் வரும். வகுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இரு. வித்தியாசம் 0.41 சதவீதம், 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, -1.33 முதல் 2.15 வரை. நடுவில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்ததும் "வித்தியாசமே இல்லை" என்று முடித்துவிடுவார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். இந்த இடைவெளிப்படி, மாற்றாமல் விட்டால் நூற்றுக்கு இரண்டு பேர்வரை கூடுதலாகப் பாதிக்கப்படலாம். 3 சதவீதம்வரை சமமாகவே கொள்வோம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வரம்பு வைத்திருந்தார்கள். அதற்குள் அடங்கியதால்தான் சமம் என்கிறார்கள். இந்த ஒன்றுக்கே ஒரு முழு வகுப்பு கொடு, ஒரு மணி நேரம் போதாது.

யாருக்கு எந்த முறை என்பதை மறைக்க முடியாத ஆய்வு இது. கேனுலாவை மாற்றினால் நோயாளிக்குத் தெரியாதா? அதையும் கேட்டு வை.

இன்னொன்று. "தேவைப்பட்டால் மாற்று" என்பதை "அப்படியே விடு" என்று புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் குத்திய இடத்தைப் பார்த்து, வலி, சிவப்பு, வீக்கம் உண்டா என்று குறித்தால்தான் இந்த முறை செல்லும். ஆள் பற்றாத வார்டில் அது நடக்குமா என்பதை மாணவர்களே விவாதிக்கட்டும். விடையை நீ சொல்லாதே.

வகுப்பு எப்படிப் போனது என்று எழுது. அந்த ஆய்வின் அட்டவணைப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா