போப்புகளின் கடிதங்களுக்கு எண் போட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாட்டிகன் ஆவணக் காப்பகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1881-ல் போப் பதின்மூன்றாம் லியோ காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார், அதற்குப் பிறகுதான் இடைக்காலப் போப்புகளின் வரலாறு ஆதாரத்தோடு எழுதப்பட்டது என்கிறார் கட்டுரையாளர். ஜெர்மன் வரலாற்றாசிரியர்களில் ராங்கே வருகிறார், கிரகோரோவியஸ் வருகிறார். பிலிப் யாஃபே வரவில்லை. அவரை விட்டுவிட்டதால்தான் அந்த 1881 கதையும் பாதி உண்மையாக நிற்கிறது என்று எனக்குப் படுகிறது.

நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. ஒரு குருமடத்து நூலகத்தில் பட்டியல் அட்டை எழுதி ஓய்வு பெற்றவன். அங்கிருந்த திருச்சபை வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் ‘ஜே.எல்.’ என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். சில இடத்தில் ‘ஜே.கே.’, சில இடத்தில் ‘ஜே.இ.’. இலத்தீன் கற்பித்த பாதர் ஒருவரிடம் கேட்டேன். “அந்த ஜே, யாஃபே. 1198-க்கு முந்தின போப்பு எழுதின கடிதம் எதுவானாலும் இவர் கொடுத்த எண்ணைச் சொன்னால்தான் உலகத்துக்குப் புரியும் தம்பி” என்றார். அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துவருகிறேன்.

அது ஏன் 1198? அந்த வருஷம் மூன்றாம் இன்னொசென்ட் போப் ஆனார். அனுப்பிய கடிதங்களை நகலெடுத்து வைக்கும் பதிவேடுகள் அவர் காலத்திலிருந்துதான் ஓரளவு தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. அதற்கு முன்பும் பதிவேடு உண்டு. ஆனால் போப்பின் அலுவலகம் 11ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் பாப்பிரஸ் தாளில் எழுதிவந்தது. ரோமாபுரியின் ஈரத்துக்கும் கலவரங்களுக்கும் அது தாங்குமா? முதலாம் கிரகோரியின் கடிதங்கள் நகலாகத் தப்பின, எட்டாம் யோவானுடையதில் ஒரு பகுதி தப்பியது, ஏழாம் கிரகோரியின் பதிவேடு இருக்கிறது. பெரிய அளவில் மிஞ்சியவை இவ்வளவுதான். மற்றபடி, கடிதம் பெற்றவர்கள் பத்திரப்படுத்தியதே நமக்கு மிச்சம். நிலமும் வரிவிலக்கும் போப் உறுதி செய்துகொடுத்த பத்திரத்தை எந்த மடம்தான் தொலைக்கும்? பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உள்ள மடங்களும் பேராலயங்களும் அவற்றைப் பெட்டியில் பூட்டி வைத்தன. பின்னால் வந்த அறிஞர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அச்சிட்டார்கள். ஆக, 1198-க்கு முந்தின போப்புகளைத் தேடுகிறவருக்கு வாட்டிகன் கதவு திறந்தாலும் அதன் பின்னால் கிடைப்பது கொஞ்சம்தான்.

யாஃபே செய்த வேலை இங்கேதான் வருகிறது. அச்சில் வந்த தொகுப்புகளைத் தேடித் தேடி, புனித பேதுருவில் தொடங்கி 1198 வரை 11,000-க்கும் மேற்பட்ட போப் ஆவணங்களை நாள் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 1851-ல் பெர்லினில் ஒரே கனத்த புத்தகமாக வெளியிட்டார். பெயர் ‘ரெகெஸ்டா பொன்டிஃபிகும் ரொமானோரும்’, அதாவது ரோமப் போப்புகளின் ஆவணச் சுருக்கப் பட்டியல். லியோ கதவைத் திறப்பதற்கு முப்பது வருஷம் முன்பு! அப்போது அவருக்கு வயது 32. கையில் உத்தியோகமும் கிடையாது.

பட்டியல்தானே என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். பட்டியல் எழுதியே பிழைத்தவன் என்பதால் எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவிலும் கடிதம் எழுதிய நாள், எழுதிய ஊர், சாரம் இரண்டு வரி, அது அச்சான இடம் ஆகியவை இருக்கும். இதை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் எந்தப் போப் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்பது தானாகத் தெரிந்துவிடும். 1095 நவம்பரில் இரண்டாம் உர்பன் பிரான்சில், கிளர்மோன் சங்கத்தில் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார். அதே மாதம் ரோமில் அவர் எழுதியதாக ஒரு மடத்தார் பத்திரம் நீட்டினால் என்ன நினைப்பீர்கள்? இடைக்காலத்தில் மடத்துக்கு மடம் கள்ளப் பத்திரம் தயாரித்த காலம் அது. போலி என்று பட்டவற்றை யாஃபே தூக்கி எறியவில்லை; புத்தகத்தின் கடைசியில் தனியாக வைத்தார். போலியும் அது பிறந்த காலத்துக்குச் சாட்சிதான் என்பதால் அது எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி ஆளைப் பற்றி. 1819-ல் பிரஷ்யாவின் போஸன் மாகாணத்தில் ஷ்வெர்ஸென்ஸ் என்ற சிற்றூரில், யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. வியாபாரம் பழகட்டும் என்று பெர்லினுக்கு வந்தவர், இரண்டு வருஷத்தில் அதை விட்டுப் பல்கலைக்கழகத்தில் ராங்கேயிடம் போய்ச் சேர்ந்தார். சாக்சனி லோதர் பேரரசரைப் பற்றி மாணவராக எழுதிய நூலுக்கே பல்கலைக்கழகப் பரிசு கிடைத்தது. அடுத்து மூன்றாம் கொன்ராட் பற்றி ஒரு நூல். இவ்வளவு இருந்தும் வேலை இல்லை. யூதருக்குப் பல்கலைக்கழகப் பணி கூடாது என்று 1822-ல் பிரஷ்ய அரசர் போட்ட உத்தரவும், பிற்பாடு சட்டங்கள் கொஞ்சம் தளர்ந்தபோதும் தளராத மனங்களும் குறுக்கே நின்றன.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ரெகெஸ்டாவை வெளியிட்ட கையோடு மருத்துவம் படிக்கப் போனார். பெர்லினிலும் வியன்னாவிலும் படித்து 1853-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வேட்டின் தலைப்பு 12ஆம் நூற்றாண்டின் மருத்துவக் கலை! வைத்தியம் படிக்கப் போன இடத்திலும் மனுஷர் நூற்றாண்டை மாற்றவில்லை. கொஞ்ச காலம் நோயாளிகளையும் பார்த்தார்.

1854-ல் ‘மோனுமென்டா கெர்மானியே ஹிஸ்டோரிகா’ நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. ஜெர்மானிய இடைக்கால மூலங்களைப் பதிப்பிக்கும் பெரிய அமைப்பு அது. யாஃபே பிறந்த அதே 1819-ல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் தொடங்கியது. தலைவர் கேயோர்க் ஹைன்ரிக் பெர்ட்ஸ். அவரேதான் பெர்லின் அரச நூலகத்துக்கும் தலைமை நூலகர். பல தொகுதிகளில் யாஃபே உழைத்தார். 1862-ல் ஞானஸ்நானம் பெறாமலேயே பெர்லின் பல்கலைக்கழகத்தில் துணைப் பேராசிரியர் நிலையில் அவருக்கு இடம் கிடைத்தது, அந்நாளில் அபூர்வமான காரியம். மறு வருஷமே பெர்ட்ஸோடு முறிந்து நிறுவனத்தை விட்டு வெளியேறினார். சுவடிகளும் புத்தகங்களும் இருந்த நூலகம் யார் கையில் இருந்தது என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

வெளியேறியவர் சும்மா இருக்கவில்லை. தனி ஆளாகப் போட்டித் தொடர் ஒன்றைத் தொடங்கினார். அதன் ஆறு தொகுதிகளில் 1865-ல் வந்த இரண்டாவது, ஏழாம் கிரகோரியின் பதிவேடு. ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றியை இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் பனியில் காத்திருக்க வைத்தாரே, அந்தப் போப்தான். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பதிப்பை வைத்துத்தான் எல்லாரும் எழுதினார்கள்.

கடைசி வருஷங்கள் கசப்பானவை. 1868-ல் புராட்டஸ்டன்ட் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். மறு வருஷம், 1869 ஜூலையில், அரசுப் பதவிகளுக்கு மதம் தடையில்லை என்று வட ஜெர்மன் கூட்டமைப்பு சட்டம் கொண்டுவந்தது. தன்னை எல்லாரும் துரத்துகிறார்கள் என்ற அச்சம் அதற்குள் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. 1870 ஏப்ரலில் விட்டென்பெர்கே என்ற ஊரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 51.

ரெகெஸ்டாவை வரலாற்றாசிரியர் வாட்டன்பாக்கின் மேற்பார்வையில் மூன்று பேர் திருத்தி விரித்து 1880-களில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். 590 வரை கால்டென்ப்ருன்னர், 882 வரை எவால்ட், அதற்கு மேல் லோவென்ஃபெல்ட். நான் பார்த்த ஜே.கே., ஜே.இ., ஜே.எல். எல்லாம் இவர்கள் பெயரின் முதலெழுத்துகள். எண்கள் 17,000-ஐத் தாண்டிவிட்டன. 2016 முதல் கோட்டிங்கனில் மூன்றாம் பதிப்பு தொகுதி தொகுதியாக வருகிறது, இன்னமும் யாஃபே பெயரில்தான்.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல நடையில் எழுதுகிறார். அந்த 1881 வரியை மட்டும் திருத்தி ஒரு சிறு குறிப்பு போட முடியுமா என்று பாருங்கள். 1198-க்குப் பிந்திய போப்புகளுக்கு அவர் சொன்னது பொருந்தும். முந்தியவர்களுக்கு யாஃபேயைத்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
திண்டுக்கல்.