மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது ஹெர்மிஸ் மட்டுமில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸைப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகும்போது நீங்கள் கதை சொல்கிற வீடியோவைப் பார்த்தேன். நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் 1942 ஏப்ரல் 9 அன்று அந்த விமானந்தாங்கிக்குக் காவலாக வந்து, கூடவே மூழ்கிய ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1917-இல் இங்கிலாந்தில் கட்டிய கப்பல் அது, 1933-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அடுத்த போர் வந்தபோது நல்ல பழசு. அதனுடன் மத்தியதரைக் கடலுக்குப் போன ஆஸ்திரேலிய நாசகாரிக் கூட்டத்தையே பழைய இரும்பு என்று ஜெர்மன் பிரச்சாரம் கேலி செய்ய, மாலுமிகள் அதையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டார்கள். கிரீஸிலிருந்து படைகளை மீட்டது, லிபியாவில் முற்றுகையில் இருந்த டோப்ருக் துறைமுகத்துக்கு ஓடியது, அது தனிக் கதை.

நீங்கள் சொல்லவேண்டியது 1941 டிசம்பர் 10. மலாயாவில் குவாந்தானுக்கு அப்பால் ரிபல்ஸ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டும் ஜப்பானிய விமானங்களால் மூழ்க, எண்ணெய் படர்ந்த தண்ணீரில் தத்தளித்தவர்களில் 225 பேரை வாம்பயர் தூக்கியெடுத்தது. ரிபல்ஸின் கேப்டன் டெனன்ட்டும் அவர்களில் ஒருவர். அடுத்த மாதமே மலாயாக் கரையில் எண்டாவில் இரவுச் சண்டை, கூடப்போன பிரிட்டிஷ் நாசகாரி தானெட் மூழ்கியது, வாம்பயர் தப்பியது.

அப்புறம் திருகோணமலை. ஜப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையில் ஹெர்மிஸ், வாம்பயர் இரண்டும் ஏப்ரல் 8-ஆம் தேதி இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்தன. ஹெர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில். காலையில் ஜப்பானியப் போர்க்கப்பல் ஹருணாவின் வேவு விமானம் கண்டுபிடித்துவிட்டது. திருகோணமலைக்கே திரும்பும்படி உத்தரவு வந்து வடக்கே போகும்போதுதான் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. காப்பாற்ற வேண்டிய பிரிட்டிஷ் போர் விமானங்கள் நேரத்துக்கு வரவில்லை. முதலில் ஹெர்மிஸ், அதன் பின் வாம்பயர், அது இரண்டாக உடைந்து போனது. வாம்பயரில் கேப்டன் மோரான் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஹெர்மிஸில் 300-க்கும் மேல் என்பதால் இந்த 9 பேர் யார் கண்ணிலும் படுவதில்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை. மற்றவர்களைக் கடலிலிருந்து எடுத்தே பழகிய மாலுமிகளை அன்று வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து எடுத்தது.

சிட்னி அருங்காட்சியகத்தில் நிற்கும் வாம்பயர் பிறகு கட்டியது, பெயர் மட்டும் ஒன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்கள் குழப்பிக்கொள்வார்கள், அவர்களிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்