தன்னார்வலர் ஆலோசனைப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழு உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

தன்னார்வலர்களை நம்பி இயங்கும் உள்ளூர் அமைப்புகளுக்கு நமது சங்கம் கட்டணமின்றி ஆலோசனை வழங்கி வருகிறது. இவ்வாண்டு ஒரு மாலைநேரப் படிப்பு மையம், ஒரு வாசகர் வட்டம், படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் ஒரு குழு ஆகிய மூன்றும் நம்மை நாடின. ஆட்கள் வருகிறார்கள், ஆனால் நிலைப்பதில்லை என்பதே மூவரின் குறையும்.

படிப்பு மையத்தின் பதிவேட்டை முதல் நாளே வாங்கிப் பார்த்தோம். பெயரும் கைபேசி எண்ணும் பக்கம் பக்கமாக இருந்தன. யாருக்கு என்ன தெரியும், எந்தக் கிழமையில் வர இயலும் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் மூன்று வாரம் நாற்காலி அடுக்கிவிட்டு நின்றுவிட்டார். "என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே தெரியவில்லை" என்று அவர் வருத்தத்தோடு சொன்னதை நிர்வாகிகளிடம் அப்படியே தெரிவித்தோம். அவர்கள் பதிவேட்டில் அந்த இரு கட்டங்களையும் சேர்த்ததோடு, புதியவருக்கு முதல் மாதம் முழுவதும் துணையிருக்க ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். அம்மையார் இப்போது செவ்வாய், வெள்ளி மாலைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லித் தருகிறார்.

எவ்வளவு வேலை என்பதைத் தன்னார்வலருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் என்று கணக்கு உண்டு. 2021இல் வந்த தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், சுமார் 20 பிள்ளைகள் என்று தன்னார்வலருக்கு வரையறுத்துச் சொன்னார்கள். வேலையின் அளவு தெரிந்தால்தான் குடும்பமும் பிழைப்பும் உள்ளவர்கள் துணிந்து ஒப்புக்கொள்வார்கள்.

நோயாளிகளைக் கவனிக்கும் குழுவுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்கும்படி கூறினோம். தொண்டுக்கு வந்தவருக்குக் காசு கொடுப்பதா என்று அவர்கள் தயங்கினார்கள். கொடுக்காவிட்டால் கையில் காசுள்ளவர் மட்டுமே தொண்டு செய்ய முடியும் என்பது எனது உறுதியான கருத்து. நீண்ட பேச்சுக்குப் பின் அவர்களும் இசைந்தனர். பயிற்சி பெறாதவரைத் தனியாக அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வாசகர் வட்டத்தில் நமது ஆலோசனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஐப் பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக அறிவித்துள்ளது. டிசம்பர் 5, தன்னார்வலர் தினத்துக்குள் மூன்று அமைப்புகளும் ஒவ்வொரு வேலைக்கும் அதன் அளவைச் சொல்லும் ஒரு குறிப்பை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதற்கு நேரில் சென்று உதவ உறுப்பினர் இருவர் தேவை. முன்வருவோர் இக்கூட்டத்திலேயே பெயர் தருமாறு வேண்டி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்