சௌனா கதவில் தாழ்ப்பாள் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் 22 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் புதிதாகப் போட்ட சௌனாவை, அதாவது சூட்டில் உட்கார்ந்து வியர்வை வடிக்கிற அறையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். 6 கிலோவாட் ஹீட்டர். விற்றவர்கள் அதை கீசருக்குப் போட்டிருந்த பழைய லைனிலேயே இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவிட்ச் பிளேட் பழுப்பேறி, ஒரு ஓரம் இளகி வளைந்திருந்தது. சிங்கிள் பேஸில் அந்த ஹீட்டர் 26 ஆம்பியர் இழுக்கும். தனி லைன், லோடு மீறினால் தானே ட்ரிப் ஆகும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, நல்ல எர்த் எல்லாம் கட்டாயம் வேண்டும்.

அதைவிடப் பதறவைத்தது கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள்! 80, 90 டிகிரி சூட்டில் தலை சுற்றினால் யார் தாழ்ப்பாளைத் தேடுவது? சௌனா பிறந்த ஃபின்லாந்தில் கதவைத் தள்ளினாலே வெளியே திறக்கும்.

பக்கத்தில், சௌனாவிலிருந்து வந்ததும் இறங்க ஐஸ் தண்ணீர்த் தொட்டி. 10 டிகிரி தண்ணீரில் சட்டென்று இறங்கினால் மூச்சு திணறும், பிரஷர் எகிறும். அந்த வீட்டுப் பெரியவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். டாக்டரைக் கேட்காமல் தொட்டியில் இறங்காதீங்க ஐயா என்று பெரியவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

– ஒரு எலக்ட்ரீஷியன், கோவை